நீலப் பொட்டு நிற்கிற இடம்

"கோச்சம்மா, பதினேழாவது கிலோமீட்டர்ல கால் நின்னு போகுது" என்றார் கோமதிநாயகம்.

வேலுத்தாய் மாவு மில்லுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு காலுமா?"

"ரெண்டும்தான்."

"அப்ப சரி. ஒண்ணு மட்டும் நின்னாத்தான் குப்புற விழணும்."

"விளையாடாதீங்க. பந்தயத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. இருபத்தோரு கிலோமீட்டர் ஓடினாத்தான் பதக்கமாம்."

"அதுக்கு மேல ஒரு நூறு மீட்டரும் இருக்கு, அண்ணாச்சி. அதை யாரும் சொல்ல மாட்டாங்க."

கோமதிநாயகம் கம்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். மூட்டை முனகியது.

வேலுத்தாய் யார் என்று சொல்லிவிட வேண்டும். வயது முப்பத்தொன்று. புருவத்திலும் முன்மயிரிலும் எந்நேரமும் அரிசிமாவு படிந்திருப்பதால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் எண்பது மதிப்பார்கள். அசலூர்க்காரர்கள் இரண்டு பேர் காலில் விழுந்து ஆசி கேட்டதும் உண்டு. அவள் ஆசியெல்லாம் கொடுக்கவில்லை. கொண்டுவந்த கேப்பையை நைசாக அரைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

அந்த ஊரில் விடியுமுன் எழுந்து ஓடுகிற இருபத்துமூன்று பேருக்கும் அவள்தான் குரு.

ஆனால் ஓட்டத்தில் அவள்தான் கடைசி.

எத்தனை பேர் ஓடினாலும் எல்லோருக்கும் பின்னால்தான் ஓடுவாள். யாருக்குக் கால் பிடித்தாலும், யார் வாந்தி எடுத்தாலும், கூட நின்று கூட்டிக்கொண்டு வருவாள். அவள் வந்து சேர்ந்தால் ஊர் முழுக்க வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

அவளோடு சேர்ந்து ஓடின ஒருவர், போகும்போது தர்பூசணி தின்று வழியில் விதையைத் துப்பினாராம். திரும்பி வரும்போது அது கொடி ஓடிப் பிஞ்சு விட்டிருந்ததாம். நம்பாதவர்கள், அந்தப் பழத்தில் பங்கு வாங்கித் தின்றவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு.

ஓட்டம் தொடங்குமுன் ஆண்கள் எல்லோரும் தங்கள் போனை டீக்கடை ஆணியில் தொங்குகிற மஞ்சப்பையில் போட்டுவிட வேண்டும். ஒருமுறை ஒருவர் ஓடிக்கொண்டே மச்சினனோடு போனில் சண்டை பிடித்து, ஆத்திரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அடுத்த தாலுகா போய் மயங்கி விழுந்தார். சட்டம் அன்றைக்குப் பிறந்தது.

பெண்கள் போனை மட்டும் அவள் கேட்க மாட்டாள்.

"இருட்டுல நாய் வரும். நாயை விட மோசமானதும் வரும். நீங்க கையிலயே வெச்சுக்கோங்க" என்பாள்.

பத்து மாதத்துக்கு முன்னால் கோமதிநாயகம் முதல் தடவையாக அவள் முன் வந்து நின்றார். வயது ஐம்பத்தாறு. பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் சூப்பர்வைசர். நாட்டில் பாதிப் பேர் காயத்தைச் சுற்றிக் கட்டியது அவர் பார்த்துத் தள்ளின துணிதான்.

கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு வாட்ச். வார் பத்தாமல் கடைசி ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு வாட்ச்சுன்னு தெரியுதா?"

"மதினி வாட்ச்."

செண்பகவல்லி அவருடைய மனைவி. அந்த இருபத்துமூன்று பேரில் ஒருத்தியாக இரண்டு வருஷம் ஓடியவள். மதுரை அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை கூரியரில் வந்தபோது, மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய் இருபது நாள் ஆகியிருந்தது.

"மேடம் இல்லையா சார்?" என்று கேட்டான் கூரியர் பையன்.

"ஓடப் போயிருக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார் கோமதிநாயகம்.

அந்த வாட்ச்சுக்குள் அவள் ஓடின பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டு ஓடினால் போதும். அன்றைக்கு அவள் ஓடின ஓட்டம் ஒரு நீலப் பொட்டாகத் திரையில் கிளம்பும். நீங்கள் ஒரு அம்புக்குறியாகப் பின்னால் ஓடலாம். எத்தனை மீட்டர் பின்னால் இருக்கிறீர்கள் என்று அது சொல்லிக்கொண்டே வரும்.

"இந்தப் பொட்டைப் பிடிக்கணும்" என்றார் கோமதிநாயகம்.

"பிடிச்சு?"

"பிடிக்கணும்" என்றார் மறுபடியும்.

வேலுத்தாய் அவர் வயிற்றைப் பார்த்தாள். புதுசாக வாங்கின ஷூவைப் பார்த்தாள்.

"பேசிக்கிட்டே ஓடுங்க."

"என்னது?"

"மூச்சு வாங்காம பேச முடிஞ்சா, அதுதான் உங்க வேகம். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தி."

"யார்கூடப் பேச?"

"கூட ஓடுறவங்ககூட."

"என்கூட யாரும் ஓடலையே."

வேலுத்தாய் வாட்ச்சைப் பார்த்தாள். மில் சுவிட்சைப் போட்டாள். அதற்கப்புறம் அந்த இடத்தில் யார் பேசினாலும் கேட்காது.

மறுநாள் காலை நாலேகாலுக்கு கோமதிநாயகம் பேசிக்கொண்டே ஓடினார்.

"செண்பகம், பள்ளம் இருக்கு பாரு... மேல தெருவுல புதுசா ஒரு வேகத்தடை போட்டிருக்கான். நீ போன பிறகு போட்டது. உனக்குத் தெரியாது."

பொட்டு தொள்ளாயிரம் மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மருந்துக்கடை ஆவுடையப்பன் ஓடுகிறவர்களில் ஒருவர். பின்னாலிருந்து வந்து அவரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் போவார்.

"என்ன அண்ணாச்சி, உயிரோட இருக்கும்போது ஆறு வார்த்தை பேசியிருக்க மாட்டீங்க. இப்ப ஆறு கிலோமீட்டர் பேசுறீங்க?"

ஆறு வார்த்தை என்பது கொஞ்சம் கூடுதல்தான் என்று கோமதிநாயகத்துக்கே தோன்றியது.

அவர் வீட்டில் இருந்த காலமெல்லாம் தூங்கித் தீர்த்தவர். அது சாதாரணத் தூக்கம் இல்லை. ஒருநாள் பக்கத்துத் தெருவில் கோயில் கொடைக்கு மூன்று செட் மேளம் வாசித்தது. இவர் குறட்டை தாளம் தப்பாமல் இருந்ததால் நாலாவது செட் என்று நினைத்து விழாக் கமிட்டி வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்தது.

அப்படிப்பட்டவர் இப்போது அலாரம் அடிக்குமுன் எழுந்தார். தொடையில் வாசலின் தடவினார். உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரை இடுப்பில் கட்டினார். செண்பகவல்லியின் போன் இன்னும் அவள் பக்கத்துத் தலையணை ஓரத்தில் சார்ஜில் இருந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

சித்திரையில் பொட்டு எழுநூறு மீட்டர் முன்னால்.

ஆடிக் காற்றில் நானூறு.

ஐப்பசி மழையில் குடல் தெறிக்க ஓடினார். நூற்றைம்பது.

மார்கழி முதல் ஞாயிறு. அதுவரை பாதி வழியில் திரும்பிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் முழு தூரத்துக்கும் கிளம்பினார். ஊரணியைத் தாண்டி, பெரிய கண்மாய்க் கரை மேல் ஏறி, மலையடிவாரம் தொட்டுத் திரும்பினார். பனி இறங்கி எதிரில் யார் வந்தாலும் பாதி மனிதராகத்தான் தெரிந்தார்கள். வாட்ச்சைப் பார்த்தார். நாற்பது மீட்டர். இருபது. பத்து.

பதினேழாவது கிலோமீட்டரில், கண்மாய் மதகுக்குப் பக்கத்தில், அம்புக்குறி நீலப் பொட்டைத் தொட்டது.

பொட்டு நின்றது.

அவள் அங்கே நின்றிருக்கிறாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம்.

கோமதிநாயகமும் நின்றுவிட்டார். பிறகு பொட்டு கிளம்பியது. அவர் கால் கிளம்பவில்லை. பால்வண்டி ஒன்றைக் கைகாட்டி ஏறி, கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்த ஞாயிறு வாட்ச்சில் வேறொரு ஞாயிற்றுக்கிழமையைப் போட்டு ஓடினார். அதே மதகு. அதே நாலு நிமிஷம். அதே பால்வண்டி.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொன்றிலும் நின்றிருந்தாள்.

அதனால்தான் இப்போது மாவு மில்லில் கம்பு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"அங்க என்ன இருக்கு, கோச்சம்மா?"

"மதகு இருக்கு."

"அது தெரியும். ஒரு மதகு, ஒரு புளியமரம், ஒரு எருமை. மூணு வாட்டி எண்ணிட்டேன். நீங்க அவளுக்குப் பின்னாலதானே ஓடுவீங்க. பார்த்திருப்பீங்களே?"

"பார்த்தேன்."

"அங்க என்ன செஞ்சா?"

"நின்னாங்க."

கோமதிநாயகம் மூட்டையின் தையல் நூலைப் பிடித்து இழுத்தார். குரல் இறங்கியது.

"யாரையும்... பார்த்தாளா?"

வேலுத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மாவு படிந்த புருவம் ஒன்று மட்டும் மேலே போனது.

"எருமையை."

கோமதிநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அவராகவே சொன்னார்.

"நின்னுக்கிட்டிருக்கிறவளை விட்டுட்டு எப்படிம்மா தாண்டிப் போறது? சரின்னு நானும் நிக்கிறேன். நாலு நிமிஷம் பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம். நல்லாத்தான் இருக்கு. அப்புறம் சட்டுன்னு சொல்லிக்காம போயிடுறா. போன தடவை போன மாதிரியே."

மில்லில் அரைக்க வந்த பெண் ஒருத்தி டின்னை வைத்துவிட்டு, இது அப்புறம் வரவேண்டிய நேரம் என்று புரிந்துகொண்டு போய்விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மதினி ஓடப் போயிருப்பாங்களே, நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"தூங்குவேன்."

"எப்ப முழிப்பீங்க?"

"எங்க தூங்க விடுவா? ஆறரை தாண்டினா போன் அடிச்சிருவா. கட் பண்ணுவேன். திரும்ப அடிப்பா. திரும்ப கட் பண்ணுவேன். மூணாவது தடவை எடுத்து ஒரு கத்து கத்துவேன்."

"அவங்க என்ன சொல்வாங்க?"

"கிளம்பி ஊரணி முக்குக்கு வாங்க, கடைசி ரெண்டு கிலோமீட்டர் சேர்ந்து ஓடலாம்பா."

"நீங்க?"

"அடுத்த வாரம்பேன்."

வேலுத்தாய் கீழே சிந்தியிருந்த மாவைத் துடைப்பத்தால் கூட்டினாள். ஒரு இடத்தில் கூட்டினதையே மறுபடியும் கூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. பந்தயத்துக்கு முன்னால் கடைசி நீண்ட ஓட்டம். டீக்கடை வாசலில் எல்லோரும் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது. பெருமாள் கோயில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் வழக்கம்போலப் போனை எடுத்து மஞ்சப்பையில் போடப் போனார்.

வேலுத்தாய் குறுக்கே கை நீட்டினாள்.

"அதை இடுப்புல வைங்க. வாட்ச்சைக் கழட்டிக் கொடுங்க."

ஆவுடையப்பனுக்கு வாய் நிற்குமா? "என்ன கோச்சம்மா, சட்டத்தையே தலைகீழாப் போடுறீங்க? அண்ணாச்சிக்கு மட்டும் மகளிர் கோட்டாவா?"

சிரிப்பு எழுந்தது. கோமதிநாயகம் சிரிக்கவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பொத்திக்கொண்டார்.

"இது இல்லாம எப்படி ஓடுவேன்?"

"காலாலதான்."

"அவ எங்க போறான்னு எனக்குத் தெரியாதே."

"நான் பார்த்துக்கறேன். நான்தானே எப்பவும் பின்னால."

அவர் கழற்றுவதற்குள் மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். வாட்ச் இருந்த இடத்தில் வட்டமாக வெளுத்திருந்தது. வேலுத்தாய் வாட்ச்சைத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

அவர் ஓடினார்.

பத்து மாதத்தில் முதல் தடவையாக எத்தனை மீட்டர் முன்னால், எத்தனை மீட்டர் பின்னால் என்று சொல்ல யாரும் இல்லை. ஊரணி வந்தது. கண்மாய்க் கரை வந்தது. மலையடிவாரத்தில் பனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பேச வாய் திறந்தார். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா?

பொதுவாகச் சொன்னார்.

"குளிரு ஜாஸ்தியா இருக்கு, செண்பகம்."

மலையைத் தொட்டுத் திரும்பினார். பதினைந்து. பதினாறு. ஆவுடையப்பனும் மற்றவர்களும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். இடுப்பில் போன் கல் மாதிரி ஆடியது. தொடை எரிந்தது. கிழக்கே லேசாகச் சிவந்தபோது, சாலையோரக் கல்லில் யாரோ சுண்ணாம்பால் எழுதின பதினேழு தெரிந்தது.

மதகு. புளியமரம். எருமை கூட அதே எருமைதான்.

கால் நின்று போனது.

டிங்.

கோமதிநாயகம் திடுக்கிட்டார்.

டிங். டிங். டிங்.

இடுப்பில் போன் துள்ளியது. எடுத்தார். யார் யாரோ அனுப்பின காலை வணக்கம் ஒன்பது. மருமகள் அனுப்பின பேரன் படம் ஒன்று. ஆவுடையப்பன் அனுப்பின தாமரைப்பூ. ஒரு மணி நேரமாக வழியில் காத்துக் கிடந்த எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தன.

திரையின் மேல் ஓரத்தில் சிக்னலைப் பார்த்தார். நாலு கோடு.

பத்தடி பின்னால் நடந்தார், மலைப்பக்கம்.

ஒரு கோடும் இல்லை.

பத்தடி முன்னால் வந்தார். மதகுக்கு நேராக.

நாலு கோடு.

மறுபடியும் பின்னால் போனார். மறுபடியும் முன்னால் வந்தார். எருமை தலையைத் தூக்கி, இந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தது.

மணி பார்த்தார். ஆறு முப்பத்தாறு.

எங்கேயிருந்து கூப்பிடுகிறாய் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட அவர் அவளைக் கேட்டதில்லை.

முதல் தடவை கட் பண்ணினார். அவள் இங்கே நின்றாள். இரண்டாவது தடவை கட் பண்ணினார். வேர்வை ஆறி, குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றாள். மூன்றாவது தடவை கத்தினார். அடுத்த வாரம் என்றார். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மீதி நாலு கிலோமீட்டரையும் தனியாக ஓடினாள்.

பதினோரு வாரம்.

மதகுச் சுவரில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார் கோமதிநாயகம். மூக்கைத் துடைத்தார். பிறகு போனில் செண்பகம் என்ற பெயரைத் தேடி எடுத்து அழுத்தினார்.

வீட்டில், தலையணை ஓரத்தில், அது அடித்தது.

அடித்து ஓய்ந்தது.

இரண்டாவது தடவை அழுத்தினார். பனிக்குள்ளிருந்து வேலுத்தாய் மெதுவாக, அவளுக்கே உரிய நத்தை நடையில் வந்து சேர்ந்தாள். பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்த வாட்ச்சை அவரும் பார்க்கவில்லை.

அதுவும் ஓய்ந்தது.

மூன்றாவது தடவை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அப்படியே மெல்ல நடந்தார். சுண்ணாம்புக் கல்லைத் தாண்டினார். நடை கொஞ்சம் நீண்டது. கால் தூக்கியது. வேலுத்தாய் பின்னால் வந்தாள்.

காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையா, அண்ணாச்சி?"

"தூங்குறா" என்றார் கோமதிநாயகம், ஓடிக்கொண்டே.